தலைக்கணக்கு சரியாக இருந்த நாள்

போன மாதம், என்னோடு கடைசிவரை வேலை பார்த்த ஒருவன் செல்போனில் சின்ன வீடியோ ஒன்று அனுப்பினான். எங்கள் பழைய கப்பலின் பக்கவாட்டுக் கதவு. அங்கே சுவரில் இருந்த, பயணிகளின் எண் வில்லைகள் தொங்கும் பலகையைக் கழற்றிவிட்டார்கள். இப்போது பயணிகளுக்குக் கையில் ஒரு பட்டை. இறங்கும்போதும் ஏறும்போதும் மெஷினில் காட்டினால் சத்தம் வருகிறது, திரையில் எண்ணிக்கை தானாக மாறுகிறது. ‘இனிமே தப்பே நடக்காதுண்ணா’ என்று கீழே எழுதியிருந்தான்.

அதை ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். பக்கத்தில் நண்டு கழுவிக்கொண்டிருந்த என் மனைவி தேவகி, “இன்னாத்துக்கு அதையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு கீற?” என்று கேட்டாள். அந்தப் பலகையில் முப்பத்தொன்றாம் எண் வில்லையை என் கையால் மாட்டிய நாளைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. அப்போது சொல்லியிருந்தால் மறுபடி என்னைக் கப்பலேற விட்டிருக்க மாட்டாள். இப்போது ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிவிட்டது. சொன்னேன். கேட்டுவிட்டுக் கழுவிய நண்டை மூடி வைத்தாள். பிறகு, எழுதி வைக்கச் சொன்னாள்.

எங்களுக்குப் பழவேற்காட்டை ஒட்டிய ஒரு குப்பம். என் நைனா ஏரியில் கையால் எறா பிடித்தவர். இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே சேற்றைக் கையாலும் காலாலும் தடவிப் பிடிப்பது அவர் தொழில். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மீஞ்சூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் மாலுமிப் பயிற்சி முடித்தேன். பிறகு பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பல்கள். துருவைச் சுரண்டுவது, வண்ணம் பூசுவது, மறுபடி சுரண்டுவது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அதற்கப்புறம்தான் இந்தச் சின்னக் கப்பல் கிடைத்தது. அறுபது பயணிகளுக்கு மேல் ஏற்றாது. பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் இல்லை, ஊரே இல்லாத இடங்களைப் பார்க்க வருகிறவர்கள். எரிமலைத் தீவுகள், அங்கே முட்டையிடும் பறவைகள், ஆமைகள், பாம்புகள். கப்பல் தள்ளி நிற்கும். ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கரையில் விடுவோம், இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றி வருவோம். நான் படகோட்டியாகச் சேர்ந்து, பிறகு போசன் ஆனேன். மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்தில் அந்தமானுக்குக் கிழக்கே பாரன் தீவைச் சுற்றி வந்தோம். அங்கே இறங்க அனுமதி இல்லை. கறுத்த சாம்பல் மலை, உச்சியில் புகை, சரிவில் ஒரு புல் கூட எனக்குத் தெரியவில்லை. அந்தச் சரிவில் வரிசையாக ஆடுகள் நின்று எங்களைப் பார்த்தன. எப்போதோ ஏதோ கப்பல் விட்டுவிட்டுப் போன ஆடுகளின் வாரிசுகள் என்றார்கள். பயணிகள் சந்தோஷமாகப் படம் எடுத்தார்கள். கப்பல் திரும்பும் வரை அவை தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

கப்பலில் சீஃப் ஆபீசர் மச்சாது சார். தூத்துக்குடிக்காரர். எங்கள் இரண்டு பேரைத் தவிரத் தமிழ் பேசுகிறவர் அங்கே அப்போது யாரும் இல்லை. என்றாலும் வேலை நேரத்தில் அவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒல்லியான ஆள். மேல் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பென்சில்.

கரைக்கு இறங்கும் முறை இப்படி. பக்கவாட்டுக் கதவின் அருகே ஒரு பலகை. அதில் ஒவ்வொரு பயணிக்கும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை தொங்கும். இறங்கும்போது தன் வில்லையை எடுத்து லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் பழைய ஆணியில் தொங்கவிட வேண்டும். பலகை நிறைந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். படகோட்டி தனியாகத் தலையை எண்ணுவான், கரையில் வழிகாட்டி தனியாக எண்ணுவார். மூன்றும் ஒத்துப்போனால்தான் நங்கூரம் ஏறும்.

மச்சாது சாருக்கு இது போதாது. பயணம் தொடங்கும் அன்றே பயணிகளின் பாஸ்போர்ட் நகல்களை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிப்பார். மறுநாள் அறுபது பேரையும் முகம் பார்த்துப் பேர் சொல்லுவார். ஏறும்போது கதவருகே நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து, அவர்கள் வாயைத் திறந்து பதில் சொன்ன பிறகுதான் வழி விடுவார். ஒரு கிழவர் கடுப்பில் பதில் சொல்லாமல் முறைத்தார். அவர் வாயைத் திறக்கும்வரை பின்னால் ஒன்பது பேரையும் படகில் ஆடவிட்டபடி நின்றார் சார். ஒருமுறை நான் ரேடியோவில், “முப்பது பேரும் வந்தாச்சு சார்” என்றேன். “எத்தன பேருன்னு கேக்கலவே. யாரு யாருன்னு கேட்டேன்” என்றார். எனக்கு அது வீம்பாகப் பட்டது.

அந்தத் தீவு இந்தோனேசியக் கடலில், எந்த ஊருக்கும் பக்கத்தில் இல்லாத ஒரு சின்ன எரிமலை. கரையைச் சுற்றித் தண்ணீர் முழுக்கக் கடல்பாம்பு. எங்கள் ஊரில் வலையில் ஒன்றிரண்டு ஏறும், உதறிவிட்டுப் போவோம். இங்கே படகின் இரண்டு பக்கமும் கணக்கில்லாமல் மேலே வந்து, தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கின. பாறைகளில் ஆயிரக்கணக்கில் பறவைகள் அடைகாத்தன. கந்தக நாற்றம். மணலில் கை வைத்தால் அடியில் சூடு.

அன்று மதியம் முப்பத்தெட்டுப் பேரை இறக்கினோம். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, மலை ஒருமுறை இருமியது. பெரிய சத்தமில்லை, நெஞ்சில் தட்டிய மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சாம்பல் விழ ஆரம்பித்தது. மூன்று மணி வெயில் அப்படியே மங்கி, தூசி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் ஆனது. கப்பல் மூன்று நீண்ட ஊதல் கொடுத்துத் திரும்ப அழைத்தது. எஞ்சினுக்குள் சாம்பல் போய்விடும் என்று கேப்டன் உடனே கிளம்பப் பார்த்தார். மச்சாது சாரை மேலே நங்கூரத்தைக் கவனிக்க அனுப்பிவிட்டார். போகும்போது சார் என்னிடம், “கதவுல நீரு நில்லும். பேரச் சொல்லி ஏத்தும்” என்றார்.

நான் கதவில் நிற்கவில்லை. கடைசிப் படகுக்கு ஆள் போதவில்லை என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

கரையில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லாரும் மழைக் கோட்டுத் தலைமூடியை இழுத்துவிட்டு, கந்தக நாற்றத்துக்காக இறங்கும்போதே நாங்கள் கொடுத்திருந்த முகமூடியைப் போட்டிருந்தார்கள். கோட்டு, தொப்பி, கண்ணிமை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஆணா பெண்ணா என்று கூடத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஒவ்வொருவராக ஏறினார்கள். எண்ணினேன். பத்து. வழிகாட்டியும் பத்து என்றார். அவர் கணக்கில் முப்பத்தெட்டும் முடிந்துவிட்டது.

வரும் வழியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்து, உட்காருங்கள், இதோ வந்துவிட்டோம் என்று இங்கிலீஷில் சொன்னேன். மறுபடி இழுத்தார். கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு எஞ்சினைப் பார்த்தேன். தண்ணீரில் எரிமலை கக்கிய நுரைக்கல் மிதந்து உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது.

கதவில் ஒரே நெரிசல். பேர் கேட்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் ஜாக்கெட்டில் இருந்த வில்லைகளைக் கழற்றி நானே ஆணியில் மாட்டினேன். கடைசியாக முப்பத்தொன்று. பலகை நிறைந்தது. ரேடியோவில், “முப்பத்தெட்டும் வந்தாச்சு சார்” என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி தாமதம். பிறகு நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டது.

கரைக்குப் போய் வந்தவர்கள் கதவருகே இருக்கும் தொட்டியில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு தீவின் மண்ணையும் விதையையும் இன்னொரு தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. வரிசை நகர்ந்தது. கடைசி ஆள் தொட்டி முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிரஷ்ஷை எடுத்துக்கொடுக்கக் குனிந்தேன்.

பூட்ஸ் இல்லை. வெறுங்கால். விரல்கள் ஒவ்வொன்றும் விலகி, விசிறிபோல் அகன்று, குதிகால் பிளந்து வெள்ளையாக இருந்தது. வருடக்கணக்காகத் தண்ணீரிலும் சேற்றிலும் நின்ற கால். என் நைனாவின் கால் அப்படித்தான் இருக்கும். எங்கள் பயணிகளில் எவருக்கும் அந்தக் கால் கிடையாது.

நிமிர்ந்து அவர் முகமூடியைக் கீழே இழுத்தேன். நாற்பது வயது மதிக்கக்கூடிய ஆண். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நான் வாழ்நாளில் பார்த்திராத முகம். அவர் கையை நீட்டித் தீவைக் காட்டினார். ஏதோ சொல்ல வாய் திறந்தார், காற்றுதான் வந்தது.

கணக்கு சரியாக இருந்தது. வில்லை, ஜாக்கெட், தலை எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் எங்கள் ஆள் ஒருவர் இங்கே இல்லை.

ரேடியோவை எடுத்தேன். “சார், நங்கூரத்த நிறுத்துங்க. ஒருத்தர் கரையில கீறாங்க.”

சங்கிலிச் சத்தம் நின்றது. “யாரு?”

“முப்பத்தொண்ணு சார்.”

“நான் நம்பரக் கேக்கல.”

ஒன்பது நாளாக அந்தப் பயணியை ஏற்றி இறக்கியிருக்கிறேன். கையைப் பிடித்துப் படகில் உட்காரவைத்திருக்கிறேன். பேர் வாயில் வரவில்லை. மச்சாது சாரே சொன்னார், ஹேசல் என்று. எழுபதை நெருங்கும் பெண்மணி. நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக ஒரு கேபினில் இருந்தார். அதனால் தேடுவதற்கும் யாரும் இல்லை. எப்போதும் ஒரு நோட்டில் பறவைகளை வரைந்துகொண்டு கடைசியாக நடந்து வருவார்.

கேப்டன் அரை மணி நேரம் கொடுத்தார். ஒரு படகு, அதற்கு மேல் ஆள் அனுப்ப மாட்டேன் என்றார். மச்சாது சாரும் நானும் இறங்கினோம். அந்தப் புது ஆள் எங்களுக்கு முன்னாலேயே படகில் குதித்து உட்கார்ந்திருந்தார்.

கரைக்குப் பத்து நிமிடப் பயணம். தண்ணீரின் மேல் சாம்பல் ஆடைபோல் படர்ந்திருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு பாம்புகள் தலை நீட்டின. அவற்றின் தலையிலும் சாம்பல்.

கரையேறி அந்த ஆள் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் போனோம். நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மதியம் காது கிழியக் கத்திய பறவைகள் ஒன்றும் கத்தவில்லை. பறந்துவிட்டன என்று நினைத்தேன். ஒரு கல்லில் கை ஊன்றினேன், கல் அசைந்தது. அது பறவை. முட்டையை விட்டு எழாமல் சாம்பலுக்குள் உட்கார்ந்திருந்தது. சுற்றிப் பார்த்தேன். நான் பாறை என்று நினைத்தவற்றில் பாதிக்குக் கண் இருந்தது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. டக் டக் என்று கல்லில் எதையோ தட்டும் சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி தட்டும். மச்சாது சார் நின்று, தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த ஆள் சத்தம் வந்த பக்கம் பாய்ந்து போனார்.

பாறை ஒன்றின் கீழே குடைவு போல ஒரு பள்ளம். அங்கே ஹேசல் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை, ஜாக்கெட் இல்லை, முகமூடி இல்லை. முடி, புருவம், கை எல்லாம் சாம்பல். மடியில் ஒரு மனிதனின் தலை. கையில் ஒரு குச்சி. அவர்களைச் சுற்றி வட்டமாக, ஒரு கை தூரத்தில், நண்டுகள். கரை நண்டுகள், உள்ளங்கை அகலம் இருக்கும், நூறாவது இருக்கும். எதுவும் நகரவில்லை. காத்திருந்தன. ஒன்று ஓரடி முன்னால் வந்தது. அவர் குச்சியால் கல்லைத் தட்டினார். அது பின்னால் போனது.

மடியில் இருந்தவர் இறந்து நேரமாகியிருந்தது. அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஏரியில் மிதந்து கரை ஒதுங்கிய உடலை நண்டு என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மச்சாது சார் குனிந்து அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நேராகப் பார்த்து, “ஹேசல்” என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சாம்பலுக்குள் இரண்டு நீலக் கண்கள். “ஆமாம்” என்றார்.

வெறுங்காலோடு வந்தவரும் இறந்துபோனவரும் அண்ணன் தம்பி. வேறொரு தீவிலிருந்து மீன் பிடிக்க வந்து படகு பாறையில் உடைந்துவிட்டது. தம்பிக்குக் கால் முறிந்து புண் ஆகிவிட்டது. பறவை முட்டை தின்று அண்ணன் உயிர் பிழைத்திருந்தார். இதெல்லாம் பிறகு துறைமுகத்தில்தான் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்.

நேரம் இருபது நிமிடம் தாண்டிவிட்டது. ரேடியோவில் கேப்டன், உயிரோடு இருப்பவர்களை மட்டும் கொண்டுவரச் சொன்னார். மச்சாது சார் ரேடியோவைக் கேட்டார், பதில் சொல்லாமல் பெல்ட்டில் மாட்டினார். தன் மழைக் கோட்டைக் கழற்றி விரித்தார். “கால நீரு புடியும்” என்றார். உடல் சுமையே இல்லை. அண்ணன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். ஹேசல் குச்சியைக் கீழே போடாமல் கடைசியாக நடந்து வந்தார். திரும்பிப் பார்த்தேன். நண்டுகள் அவர் உட்கார்ந்திருந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் மச்சாது சார் அறிக்கை எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தார். கதவில் தான் நிற்காமல் வேறு ஆளை விட்டது தன் தவறு என்று முதல் வரி. போசன் பேர் கேட்காமல் தலையை எண்ணினார், எல்லாரும் வந்ததாகச் சொன்னார் என்று அடுத்த வரி. போசன்தான் கண்டுபிடித்தார் என்று அதற்கு அடுத்தது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. அடுத்த பயணத்தின் முதல் நாள், பயணிகளின் படத்தாளை என் கட்டிலில் வைத்து, “படியும்வே” என்று மட்டும் சொன்னார். படித்தேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பயணத்துக்கும் படித்தேன்.

மூன்றாம் நாள் துறைமுகத்தில் அண்ணனையும் தம்பியின் உடலையும் ஒப்படைத்தோம். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அண்ணன் போகும்போது என் சட்டைக் கையை ஒருமுறை பிடித்தார். இந்தத் தடவை அவர் விடும்வரை நின்றேன்.

ஹேசலிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அதற்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. மேல்தளத்தில் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எதுவும் வரையவில்லை. என் இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன், அந்த வில்லையை மாட்டியது நான்தான் என்று. பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பறவை வரைந்துகொண்டிருந்தவரை அண்ணன்தான் வந்து தம்பியிடம் கூட்டிப் போனாராம். தொட்ட உடனே தம்பி இறந்துவிட்டது அவருக்குத் தெரிந்ததாம். அண்ணனுக்கும் தெரியும், ஆனால் நண்டுக்கு விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சைகை காட்டினாராம். நான் உட்காருகிறேன், நீ போய் ஆளைக் கூட்டி வா என்று சைகையிலேயே சொல்லித் தன் கோட்டையும் முகமூடியையும் ஜாக்கெட்டையும் வில்லையையும் அவருக்குப் போட்டுவிட்டாராம். தன் ஜாக்கெட்டை வேறொருவர் உடம்பில் பார்த்ததும் நாங்கள் ஓடி வருவோம் என்று நினைத்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நங்கூரம் ஏறும் சத்தம் அங்கே கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்றார். தண்ணீர் மேல் சத்தம் நன்றாகவே வந்ததாம்.

“அப்போ என்ன செஞ்சீங்க?”

அவர் நோட்டை மூடினார். பிறகு, யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

“கப்பல் கெளம்பிடுச்சுன்னு மடியில இருந்தவர்கிட்ட சொன்னேன்.”